கனெமோட்டோ என்று வெட்டியிருக்கிறது, வாங்கலாமா?

கேள்வி: நகோயாவில் கார் உதிரிபாகத் துறையில் வேலை பார்க்கிறேன். ஓசு கண்ணோன் கோயிலில் 18, 28 தேதிகளில் நடக்கும் பழம்பொருள் சந்தைக்குப் போய்ப் போய் ஜப்பானிய வாள்மேல் ஆசை வந்துவிட்டது. அங்கே பழக்கமான ஒரு வியாபாரி தன் கடையில் ஒரு கட்டானாவைக் காட்டினார். கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் காம்பில் ‘கனெமோட்டோ’ என்று பெயர் வெட்டியிருக்கிறது. 500 வருஷத்துக்கு முந்தைய மகோரோகு கனெமோட்டோ என்கிற வாள்கொல்லரின் கைவேலை என்கிறார். அதில் கோத்திருக்கும் இரும்பு ட்சுபாவில், அதாவது கைக்காப்புத் தட்டில், ‘நொபுயியே’ என்று பெயர். அதற்கு 1970களில் கொடுத்த பழைய சான்று ஒன்று இருக்கிறது. வாளுக்கு 1951இல் பதிந்த அரசாங்க அட்டை இருக்கிறது. அந்த வருஷம் பதிந்ததெல்லாம் பிரபுக்கள் வீட்டு வாள் என்றும் சொன்னார். மொத்தம் 6,50,000 யென் கேட்கிறார். படங்களும் அட்டை நகலும் அனுப்பியிருக்கிறேன். அசல்தானா? வாங்கலாமா? இரண்டு வருஷத்தில் திருச்சிக்குத் திரும்பும்போது கூடவே கொண்டுவர முடியுமா?

பதில்: அந்தப் பெயரை நம்பி அந்த விலைக்கு வாங்காதீர்கள். வாள் பழசுதான், முறைப்படி அடித்த ஜப்பானிய வாள்தான். ஆனால் மகோரோகுவின் வேலை இல்லை என்பது என் கணிப்பு. வாளைக் கையில் வாங்காமல் தீர்ப்புச் சொல்வது, வாள் மதிப்பிடும் எங்கள் தொழிலில் முறையல்ல. என்றாலும் நீங்கள் அனுப்பிய படங்களும் அட்டையும் நிறையவே பேசுகின்றன. அவை என்ன சொல்கின்றன என்று விளக்கிவிடுகிறேன். அடுத்த வாளை நீங்களே பார்த்துக்கொள்ள உதவும்.

முதலில் அட்டை. தோரோகுஷோ என்கிற இந்தப் பதிவு அட்டையைச் சான்றிதழ் என்று நினைத்துத்தான் புதிதாக வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். போருக்குப் பிறகு அமெரிக்கப் படை ஜப்பானில் இருந்த ஆயுதங்களையெல்லாம் ஒப்படைக்கச் சொன்னது. கலைப்பொருளான வாள்களையாவது காப்பாற்ற வேண்டும் என்று போராடிப் பெற்ற விலக்குதான் இந்தப் பதிவு முறைக்கு அடிப்படை. பாரம்பரிய முறையில் அடித்த வாளுக்கு மட்டும் அட்டை கிடைக்கும். போர்க்காலத்தில் தொழிற்சாலையில் செய்த ராணுவ வாளுக்குக் கிடைக்காது. ஆக, உங்கள் வாள் தொழிற்சாலைச் சரக்கு இல்லை என்பதற்கு அட்டை ஓரளவு உறுதி தருகிறது. ‘பெயர்: கனெமோட்டோ’ என்று அதில் எழுதியிருப்பதற்கு, காம்பில் அப்படி வெட்டியிருப்பதை அதிகாரி பார்த்துக் குறித்துக்கொண்டார் என்பதற்கு மேல் அர்த்தம் இல்லை. அது நிஜமா பொய்யா என்று அவர் சொல்லவில்லை. அது அவர் வேலையும் இல்லை.

1951 கதையும் அப்படித்தான். பதிவு தொடங்கிய அந்த ஆண்டில் பழைய பிரபுக் குடும்பங்கள் முந்திக்கொண்டு பதிந்தது உண்மை. வியாபாரிகளுக்கு அது நல்ல விற்பனைப் பேச்சாகிவிட்டது. அதே ஆண்டில் சாதாரண வீடுகளிலிருந்தும் வாள்கள் வந்து குவிந்தன.

ஆனால் அதே அட்டையில் வேறு இரண்டு எண்கள் இருக்கின்றன: நீளம் 70.9 சென்டிமீட்டர், வளைவு 0.9 சென்டிமீட்டர். வியாபாரி இதைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். மகோரோகு என்று அழைக்கப்படும் இரண்டாம் தலைமுறைக் கனெமோட்டோ 16ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மினோ நாட்டில், இன்றைய கிஃபு மாகாணத்தில் வேலை செய்தவர். போர் ஓயாத காலம். ஒரு கையால் சட்டென்று உருவி வெட்டுவதற்கான வாள்கள். முனையை நெருங்கும்போது நன்றாக வளையும். உங்கள் படத்தில் இருப்பது ஏறத்தாழ நேராகப் போகிறது. அடியில் அகலம், போகப் போகக் குறுகி, சின்ன முனையில் முடிகிறது. இந்த உடல்வாகு 1660களில், கன்புன் ஆண்டுகளை ஒட்டிப் பரவியது. நாட்டில் சண்டை ஓய்ந்து, மூங்கில் வாளால் பயிற்சி செய்யும் பழக்கம் வளர்ந்த காலத்தின் வடிவம் என்பார்கள். வடிவம் மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது, ஆனால் முதல் சந்தேகம் அங்கேதான் வர வேண்டும்.

அந்தச் சந்தேகத்தைக் காம்பு உறுதி செய்கிறது. கைப்பிடியில் இருக்கும் சின்ன மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்தால் வாளின் அடிப்பகுதி, நகாகோ, வெளியே வரும். ஒரு வாளைச் செய்தவன் வேலை முடித்து வைத்த நிலையிலேயே இன்றுவரை இருக்கும் பகுதி அதுதான். மெருகு போடுபவர்கூட அதைத் தொடமாட்டார். உங்கள் படத்தில் துருவின் நிறம் நன்றாக இருக்கிறது: ஆழ்ந்த பழுப்பு, சிவப்புத் தூள் இல்லை, அமிலம் ஊற்றிக் கறுக்க வைத்த திட்டுகள் இல்லை. இருநூறு முன்னூறு வருஷத் துரு என்று தாராளமாகச் சொல்லலாம். அரத்தின் கோடுகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேல்முனையில் கொஞ்ச தூரம் ஒரு மாதிரியாகப் போய், பிறகு திசை மாறிச் சாய்வாக இறங்குகின்றன. இதை கெஷோ யாசுரி என்பார்கள், அலங்கார அரவேலை. இது எடோ காலத்தில் (1603–1868) வந்த பழக்கம். 16ஆம் நூற்றாண்டு மினோ கொல்லர்களின் காம்பில் இரு பக்கமும் சாய்ந்து நடுவில் சேரும் பருந்து இறகுக் கோடுகளைப் பார்க்கலாம். இந்த அலங்காரத்தைப் பார்க்க முடியாது. 1520இல் ஒருவர் செய்த வாளில் 1660க்குப் பிந்தைய அரவேலை எப்படி வரும்?

அதற்காக வியாபாரியைப் பொய்யர் என்று சொல்லிவிடாதீர்கள். கனெமோட்டோ என்கிற பெயர் ஒரு ஆளோடு முடியவில்லை. எடோ காலம் முழுக்கத் தலைமுறை தலைமுறையாக அந்தப் பெயரில் கொல்லர்கள் இருந்தார்கள். உங்கள் வாள் அப்படி ஒரு பிந்தைய கனெமோட்டோவின் நேர்மையான வேலையாக இருக்கலாம். அல்லது யாரோ ஒருவரின் பெயரில்லாத வாளில் பின்னால் அந்தப் பெயரை வெட்டியிருக்கலாம். மகோரோகுவின் வாள்கள் வெட்டுத்திறனுக்குப் பேர் போனவை. 1797இல் வெளிவந்த பட்டியல் ஒன்றில், மிகச் சிறந்த வெட்டு வாள்கள் என்ற உச்ச வரிசையில் இடம்பிடித்தவர் அவர். அப்படி ஒரு பெயருக்குப் போலி வராமல் இருக்குமா?

இரண்டில் எது என்று தெரிய, வெட்டிய எழுத்தைச் சாய்வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உளி இறங்கும்போது கோட்டின் இரு கரையிலும் உலோகம் மெலிதாக மேலெழும். காலப்போக்கில் அந்தக் கரையும் காம்பின் மற்ற இடங்களும் ஒன்றாகத் தேய்ந்து, ஒரே துருவைப் பூசிக்கொள்ளும். துருவேறிய தளத்தை உடைத்துக்கொண்டு எழுத்து மட்டும் கூர்மையாக நின்றால், பள்ளத்தின் அடியில் துருவின் நிறம் வேறாக இருந்தால், எழுத்து பின்னால் வந்தது. உங்கள் படம் நேர்வெளிச்சத்தில் எடுத்தது. அதில் இது தெரியவில்லை. அப்புறம், கடையில் பார்க்கும்போது எழுத்து தெரியவில்லை என்று காம்பைத் தேய்த்துவிடாதீர்கள். விரலால்கூட வேண்டாம். உப்புத்தாளால் காம்பைப் பளபளக்க வைத்து மதிப்பில் பாதியைத் துடைத்தெறிந்தவர்கள் உண்டு.

இனி, நீங்கள் மிகவும் ரசித்து எழுதியிருக்கும் விஷயம்: விளிம்பை ஒட்டி ஓடும் அந்த வெள்ளை அலை. வாளின் மேல் மண்கலவை பூசி, விளிம்பில் மெலிதாகவும் முதுகில் கனமாகவும் விட்டு, காய்ச்சித் தண்ணீரில் முக்குவார்கள். நம் ஊர்க் கொல்லர் அரிவாளுக்குத் துவைச்சல் போடுவது மாதிரிதான், ஆனால் எங்கே கடினமாக வேண்டும் எங்கே வேண்டாம் என்பதை மண்ணால் வரைந்துவிடுகிறார்கள். அந்தக் கடினப் பகுதியின் எல்லைக்கோடுதான் ஹமோன். கனெமோட்டோவின் அடையாளம் சன்பொன்சுகி, மூன்று தேவதாரு மரங்கள் வரிசையாக நிற்பது போன்ற முனைகள். உங்கள் வாளிலும் அது இருக்கிறது, அதனால்தான் வியாபாரி அவ்வளவு உறுதியாகப் பேசுகிறார். ஆனால் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மூன்று, மூன்று, மூன்று என்று அளந்து வைத்த மாதிரி அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக. மகோரோகுவின் கையில் அது அப்படி வராது. முனைகள் உருண்டிருக்கும், உயரம் மாறும், சில இடத்தில் நான்காகும், சில இடத்தில் கலைந்துவிடும். சீராக வரிசை கட்டுவது பிந்தைய தலைமுறைகளின் வழக்கம். இதில் வேடிக்கை என்னவென்றால், புதிதாகப் பார்ப்பவர்களுக்குப் பின்னதுதான் ‘அசல் மாதிரி’ தெரியும்.

இன்னொன்று. படத்தில் பளிச்சென்று தெரியும் வெண்மை முழுவதும் ஹமோன் இல்லை. மெருகு போடுபவர் மெல்லிய கல்துண்டை விரல்நுனியில் வைத்து ஹமோனை ஒட்டி வெள்ளையாகத் தேய்த்துக் காட்டுவார். ஹதோரி என்று பெயர். அது அவர் வரைந்த உருவம். உண்மையான கோட்டைப் பார்க்க, அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரே ஒரு பல்பை நோக்கி வாளை நீட்டி, வெளிச்சம் அலகின் மேல் சறுக்கும்படி மெல்லச் சாய்க்க வேண்டும். ஒரு கோணத்தில் வெள்ளைப் பூச்சு மறைந்து, அதற்குள்ளிருந்து பனித்துகள் மாதிரியான பொடிக்கோடு எழும். அதே கோணத்தில் விளிம்புக்குக் குறுக்கே மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு தெரிகிறதா என்றும் பாருங்கள். ஹகிரே என்கிற விளிம்பு வெடிப்பு அது. அது இருந்தால், என்ன பெயர் வெட்டியிருந்தாலும் அந்த வாளை வைத்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்பலாம்.

சரி, ட்சுபா. நொபுயியே உங்கள் நகோயாப் பக்கத்து ஆள், ஓவாரி நாட்டோடு சேர்த்துப் பேசப்படும் 16ஆம் நூற்றாண்டுக் கடைசி இரும்புக் கலைஞர். ஒரே பெயரில் ஒருவருக்கு மேல் இருந்தார்கள் என்பதும், கையெழுத்து இரண்டு முக்கிய வகையாகக் கிடைக்கிறது என்பதும் ஆராய்ந்தவர்கள் ஒப்புக்கொண்டது. இரும்பு ட்சுபாவில் அதிகமாகப் போலி செய்யப்பட்ட பெயர்களில் இதுவும் ஒன்று. நல்ல பழைய இரும்பின் விளிம்பில் சின்னச் சின்னக் கட்டிகள் மேலெழுந்து நிற்கும், எலும்பு என்பார்கள். சுத்தியல் பட்ட தளம் உயிரோடு இருக்கும். நிறம் கறுப்பிலிருந்து ஊதாவுக்குப் போகும். உங்கள் படத்தில் தளம் முழுக்கத் தேய்ந்திருக்கிறது, ஆனால் பெயரின் கோடுகள் மட்டும் நேற்று வெட்டியது போல் நிற்கின்றன. வாள் நுழையும் நடுத்துளையின் ஓரங்களில் பொருத்தித் தட்டிய தழும்பு ஒன்றும் இல்லை. 400 வருஷமாக எந்த வாளிலும் ஏறாத ட்சுபாவா? இந்த வாளில் இன்று தளர்வாகத்தான் உட்கார்ந்திருக்கும், ஆட்டிப் பாருங்கள்.

பழைய சான்றைப் பற்றி: அது கிச்சோ வகைச் சான்று. ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம், என்.பி.டி.எச்.கே. என்று எல்லோரும் சொல்வது, 1982இல் அந்த வரிசையைக் கைவிட்டு ஹோசோன், தொகுபெட்சு ஹோசோன் என்கிற புதிய வரிசைக்கு மாறியது. பழைய சான்றுகளில் சரியானவை நிறைய உண்டு, ஆனால் பெரிய பெயருக்குக் கொடுத்த பழைய சான்றைச் சந்தை இப்போது அப்படியே ஏற்பதில்லை. நொபுயியே என்று உறுதியானால் விலை பல மடங்கு ஏறும். அப்படியிருக்க இத்தனை வருஷமாக யாரும் அதைத் திரும்பக் கொண்டுபோய்க் காட்டவில்லை என்றால், காட்டியிருப்பார்கள், தேறவில்லை என்று எடுத்துக்கொள்வதே என் வழக்கம்.

கைப்பிடியின் இரு முனையில் உள்ள பூண்களையும் பார்த்தேன். மீன்சினை போல் மணிமணியாக இருக்கும் நனாகோ தளம் அழகானது. நல்ல வேலையில் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகக் குழி உளியால் அடித்தது, வரிசை பிசகாது, ஒவ்வொன்றின் உச்சியிலும் வெளிச்சம் புள்ளியாக நிற்கும். உங்கள் படத்தில் மணிகள் ஒன்றோடொன்று கரைந்து போயிருக்கின்றன. வார்ப்பு. கைப்பிடி நூலும் புதிது. ஆக இந்தக் கொஷிராயே, அதாவது வாளின் மொத்த அணிகலன், விற்பதற்காக அங்கிங்கே சேர்த்துக் கோத்தது.

அப்புறம் என்ன செய்வது? வியாபாரியிடம் சண்டை வேண்டாம். சிரித்துக்கொண்டே, “வாள் பிடித்திருக்கிறது. நீங்களே சங்கத்தின் ஆய்வுக்கு அனுப்புங்கள், ஹோசோன் வந்தால் வாங்கிக்கொள்கிறேன்” என்று சொல்லுங்கள். பெயர் பொய் என்று பட்டால் சங்கம் சான்று தராது. பிந்தைய கனெமோட்டோ என்று சான்று வந்தால், அந்தத் தரத்துக்கு விலை பேசுங்கள். நல்ல எடோ காலக் கட்டானா வைத்திருப்பதில் ஒரு குறையும் இல்லை. மகோரோகு என்று சங்கம் ஒப்புக்கொண்ட கட்டானா 6,50,000 யென்னுக்குக் கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும். அவர் அனுப்ப மறுத்தால் அதுவே பதில். மெருகு போனாலும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒரு கட்டானாவை முறையாக மெருகேற்ற இரண்டு மூன்று லட்சம் யென் ஆகும், மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும்.

என்னைக் கேட்டால், ஒரு வருஷம் எதுவும் வாங்காமல் பாருங்கள் என்பேன். நகோயாவில் இருந்துகொண்டு பார்க்காமல் இருப்பதுதான் வீண். ஓவாரி தொகுகாவா குடும்பத்தின் சேகரிப்பு உள்ள தொகுகாவா கலைக்கூடம் அங்கே இருக்கிறது. அட்சுதா ஆலயத்தில் 2021இல் திறந்த குசானகி அரங்கு இருக்கிறது. செகி ஊரும் பக்கம்தான், அங்கே கொல்லர்கள் சுத்தியல் போடுவதைப் பார்க்கலாம். இவற்றையெல்லாம்விட, சங்கத்தின் வட்டாரக் கிளைகள் நடத்தும் ரசனைக் கூட்டங்களுக்குப் போங்கள். அங்கே வாளைக் கையில் கொடுப்பார்கள், காம்பை மூடியிருப்பார்கள். வடிவம், இரும்பின் இழை, ஹமோன், முனை இவற்றை மட்டும் பார்த்துச் செய்தவர் யார் என்று சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். சரியாகச் சொன்னால் ‘அதாரி’. அதே பள்ளியைச் சேர்ந்த நெருங்கிய ஆளைச் சொன்னால் ‘தோசென்’, அதுவும் பாராட்டுத்தான். கடைசியில்தான் பெயரைக் காட்டுவார்கள். எங்கள் தொழிலில் பெயரைப் படிக்க வேண்டிய வரிசை அதுதான். கடைக்காரர் முதலில் கைப்பிடியைக் கழற்றிக் காம்பைக் காட்டியபோதே உங்கள் கண் கட்டப்பட்டுவிட்டது. புதியவர்களை அங்கே அன்பாகவே நடத்துவார்கள். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, வாளைத் தொடுமுன் ஒருமுறை குனிந்து வணங்கி, அலகின்மேல் மூச்சுப் படாமல் பார்த்தால் போதும்.

கடைசிக் கேள்வி, ஊருக்குக் கொண்டுவருவது. ஜப்பானில் வெளிநாட்டவர் வாள் வைத்திருப்பதில் தடை இல்லை. வாங்கிய 20 நாளுக்குள் அட்டையில் எந்த மாகாணம் போட்டிருக்கிறதோ அந்த மாகாணக் கல்வி வாரியத்துக்கு உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். வாள் எங்கே போகிறதோ அட்டையும் கூடவே போக வேண்டும். நாட்டை விட்டு எடுத்துப்போக, கலாசார விவகாரத் துறையிடம் ஏற்றுமதிச் சான்று வாங்கி, பதிவு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதுவரை சிக்கல் இல்லை. எல்லாம் தபாலில் முடிகிற வேலை.

சிக்கல் நம் பக்கம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வெளிநாட்டிலிருந்து ஆயுதம் கொண்டுவர உரிமம் கேட்கிறது. அதன் வரையறையில் கூர்விளிம்பு ஆயுதங்களும் அடக்கம். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே ஆன கருவிகளுக்கு இருக்கும் விலக்கைக் கட்டானாவுக்குக் கேட்க முடியாது. ‘பழம்பொருள், அலங்காரத்துக்கு’ என்று திருச்சி விமான நிலையச் சுங்கத்தில் விளக்கிக்கொண்டிருக்கும் நிலைமைக்கு உங்களைக் கொண்டுபோகாதீர்கள். உரிமம் கையில் வராமல் வாளைப் பெட்டியில் வைக்கவே கூடாது. இன்னொரு பக்கமும் யோசியுங்கள்: 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. உங்கள் வாள் அதற்குள் வரும் என்று முடிவானால், நாளைக்கு அதில் துருப்பிடித்து ஜப்பானுக்கு மெருகேற்ற அனுப்ப நினைத்தாலும் வழி இருக்காது. இந்தியாவில் அந்த மெருகைப் போடத் தெரிந்தவரை நம்பிக் கொடுக்கும்படி எனக்கு யாரையும் தெரியாது.

அதனால் வாளை அங்கே இருக்கும்வரை அனுபவித்துவிட்டு, திரும்பும்போது அங்கேயே விற்றுவிடலாம். சான்றுள்ள வாள் என்றால் விற்பது சிரமமில்லை. சான்றுக்காக நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். கூடவே கொண்டுவர ஏதாவது வேண்டும் என்றால் ட்சுபா வாங்குங்கள். அது ஆயுதமல்ல, அதற்குப் பதிவு அட்டையும் கிடையாது. பெயரில்லாத, ஹோசோன் சான்றுள்ள ஓவாரித் துளைவேலை ட்சுபா ஒன்று, இந்த வாளுக்கு நீங்கள் ஒதுக்கிய பணத்தில் சிறு பங்குக்கே கிடைக்கும். இரும்பைத் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல பாடம் இல்லை. எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். பழைய பருத்தித் துணியால் தினமும் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டிருந்தால் போதும். ரசீதையும் சான்றையும் பெட்டியில் அதன் பக்கத்திலேயே வையுங்கள், சுங்கத்தில் கேட்டால் காட்டலாம்.